பழகாத இரத்தம்

‘கடியும் காய்ச்சலும்’ வரலாற்றுத் தொடர் – 9

மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலை ஏறி, மறுபக்கம் இறங்கிக் கௌதள்ளியைத் தாண்டினால் ஹனூர். நம்மவர்களுக்கு இந்தச் சாலை இரண்டு காரணங்களால் பழக்கம். ஒன்று, மாதேஸ்வரனுக்கு நேர்ந்துகொண்ட முடி. இன்னொன்று, வீரப்பன். நான் இன்று எடுத்துக்கொள்வது மூன்றாவது காரணத்தை. மாடு.

சாயங்கால வேளையில் அந்த வழியாகப் போகும் பேருந்து எங்காவது ஓரிடத்தில் நின்றே தீரும். காட்டிலிருந்து திரும்பும் மந்தை குறுக்கே போகும். ஓட்டுநர் ஹாரனை அழுத்துவார். மாடுகள் அதைச் சட்டை செய்யாது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், காதுமடலுக்குள்ளும் அலைதாடியிலும் வாலடியிலும் ஆமணக்கங்கொட்டையைப் பதித்துவைத்தது போல ஏதோ கொத்தாகத் தெரியும். உண்ணி. லத்தீன்காரனுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது: அவன் மொழியில் ஆமணக்குக்கும் உண்ணிக்கும் ஒரே பெயர், ரிசினஸ். நம் பெயர் இன்னும் நேரடியானது. உண்பதைத் தவிர வேறு வேலை இல்லாததால் அது உண்ணி. கன்னடத்தில் உண்ணெ. மாட்டின் காலடியில் நடந்துபோகும் வெள்ளைக் கொக்கு உண்ணிக்கொக்கு. மாதேஸ்வரன் மலைக் காட்டைப் போர்வைபோல மூடிக் கிடக்கும் அந்தச் சீமைப் புதருக்கும் உண்ணிச்செடி என்றுதான் பெயர். அதன் காய்க்கொத்தைப் பார்க்கும்போதெல்லாம் பெயருக்குக் காரணம் இதுதானோ என்று தோன்றும். ஒரு பறவைக்கும் ஒரு செடிக்கும் தன் பெயரைக் கொடுக்கும் அளவுக்கு இந்தச் சிறு பிராணி நம் வாழ்க்கைக்குள் வந்திருக்கிறது. ஆனால் இது நோயைச் சுமக்கிறது என்று நிரூபிக்க 1893 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹனூரின் விலாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று அது சாமராஜநகர் மாவட்டத்தில் ஒரு தாலுகா. 1997 வரை மைசூர் மாவட்டம். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் கொள்ளேகால் தாலுகாவோடு சேர்ந்து கோயம்புத்தூர் மாவட்டம், அதாவது நம் சென்னை மாகாணம். எல்லைக் கோடு மாறினாலும் மாடு மாறவில்லை. மலைக்கு இந்தப் பக்கம் பர்கூர் மாடு, செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுகளோடு. காவிரிக் கரைப் பக்கம் ஆலம்பாடி மாடு. 1800-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன், கொள்ளேகாலிலிருந்து இதே ஹனூர் வழியாகத்தான் காவேரிபுரம் கணவாயில் இறங்கினார். காட்டுக்குள் பட்டி போட்டு மாடு வளர்ப்பது இந்த மலைகளின் பழைய தொழில். தமிழில் பட்டி, கன்னடத்தில் தொட்டி. அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் பல தொட்டி என்று முடிவதன் காரணம் அதுதான்.

இந்த மாடுகள் பிறந்த நாளிலிருந்து உண்ணிக்கு இரத்தம் கொடுத்தே வளர்கின்றன. ஏன் சாவதில்லை? இந்த அத்தியாயத்தின் கேள்வி இது. பதிலைத் தேடி ஹனூரிலிருந்து வெகுதூரம் போய்வர வேண்டும்.

சென்ற அத்தியாயத்தில் கிரிஃபித் எவான்ஸைப் பார்த்தோம். 1880-இல் தேரா இஸ்மாயில் கான் பட்டாளத்துக் குதிரைகளும் ஒட்டகங்களும் வற்றி வதங்கிச் செத்தபோது, அவற்றின் இரத்தத்தில் நெளியும் உயிரைக் கண்டவர். அந்தச் சர்ரா நோயை மாட்டு ஈ கடத்துகிறது என்பதை 1901-இல் லெனர்ட் ரோஜர்ஸ் சோதித்துக் காட்டினார். ஈயின் வேலை முரட்டு வேலை. ஒரு குதிரையைக் குத்தும். குதிரை வாலை வீசும். வாயில் ஒட்டிய இரத்தம் காய்வதற்குள் பக்கத்துக் குதிரையில் போய் உட்காரும். ஒரே ஊசியை வரிசையாகப் பத்துப் பேருக்குக் குத்துவது மாதிரி. ஈக்குள் அந்த நுண்ணுயிர் வளர்வதும் இல்லை, மாறுவதும் இல்லை. கடிக்கும் நோய்க்கும் நடுவே இடைவெளி சிறியது என்பதால் கண் இருப்பவனுக்குச் சந்தேகம் தட்டிவிடும். உண்ணி அப்படி இல்லை. அது பொறுமைசாலி. அதன் பொறுமைதான் அறிஞர்களை ஏமாற்றியது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, டெக்சாஸிலிருந்து நீளக் கொம்பு மாடுகளை ஆயிரக்கணக்கில் வடக்கே இரயிலடிகளுக்கு ஓட்டிப் போனார்கள். ஓட்டிவந்த மாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. கொழுகொழு என்று வந்தது, மேய்ந்தது, போயிற்று. அது போன ஒரு மாதத்துக்குப் பிறகு, அது மேய்ந்த புல்லை மேய்ந்த வடக்கத்தி மாடுகள் காய்ச்சலில் விழுந்தன. மூத்திரம் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போனது. சில நாட்களில் செத்தன. டெக்சாஸ்காரர்கள் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது: எங்கள் மாட்டுக்கு நோயே இல்லையே, இல்லாத நோயை எப்படிக் கொடுக்கும்? வடக்கத்தி விவசாயிகளிடம் பதில் இல்லை, துப்பாக்கி இருந்தது. மந்தையை வழிமறித்தார்கள்.

இன்னும் விசித்திரம், காய்ச்சலில் கிடந்த வடக்கத்தி மாட்டின் பக்கத்திலேயே நின்ற இன்னொரு மாட்டுக்கு அதனிடமிருந்து நோய் ஒட்டவில்லை. நோயுற்றது கொடுக்கவில்லை, நோயற்றது கொடுத்தது. உறைபனி விழுந்ததும் எல்லாம் நின்றுபோனது. மாடு ஓட்டுகிறவர்கள் உண்ணியைக் கைகாட்டினார்கள். 1868-இல் இந்த நோயை ஆராய அமர்த்தப்பட்ட ஜான் கேம்ஜி என்ற பேர்போன கால்நடை மருத்துவர் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாடு மேய்ப்பவன் சொல்வதைப் படித்தவன் கேட்பதாவது!

இருபது ஆண்டுகள் கழித்துக் கேட்டவர் தியோபால்ட் ஸ்மித். வயது முப்பதுகூட ஆகவில்லை. மனித மருத்துவம் படித்துவிட்டு, அமெரிக்க வேளாண் துறையின் கால்நடைப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர். கூட இருந்தவர் ஃபிரெடரிக் கில்போர்ன், கால்நடை மருத்துவர். 1889 கோடையில் வாஷிங்டனுக்கு வெளியே வேலி போட்ட வயல்களில் இவர்கள் நடத்திய சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. வட கரோலினாவிலிருந்து ஏழு மாடுகளை வரவழைத்தார்கள், உண்ணியோடு. நான்கை அப்படியே ஒரு வயலில் வடக்கத்தி மாடுகளோடு விட்டார்கள். மிச்ச மூன்றின் உடம்பிலிருந்து ஒவ்வொரு உண்ணியாகக் கையால் பிடுங்கி எடுத்துவிட்டு இன்னொரு வயலில் விட்டார்கள். ஒரு மாட்டை உண்ணி எடுத்தவர்களுக்குத்தான் தெரியும், அது என்ன வேலை என்று! விதையளவு தடித்தது கையில் வரும். எள்ளளவு இருப்பது மயிருக்கடியில் ஒளிந்து நாளைக்குத் தடித்து நிற்கும். நாள் தவறாமல் அதையும் தேடிப் பிடுங்கினார்கள். மூன்றாவது வயலில் தெற்கத்தி மாடே கிடையாது. உண்ணியை மட்டும் புல்லில் தூவினார்கள்.

முதல் வயலில் வடக்கத்தி மாடுகள் விழுந்தன. இரண்டாவது வயலில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வயலில் விழுந்தன. மாடு வேண்டாம், உண்ணி போதும்.

ஆனால் உண்ணி ஒரு மாட்டைக் கடித்துவிட்டு இன்னொரு மாட்டுக்குத் தாவுவதில்லையே? மாட்டு உண்ணியின் முழு வாழ்க்கையும் ஒரே மாட்டின் மேல்தான். குஞ்சாக ஏறி, தோலுரித்து, மறுபடி தோலுரித்து, துணை சேர்ந்து, மூன்று வாரத்தில் பெண் உண்ணி வயிறு வெடிக்கும் அளவுக்குக் குடித்துவிட்டுத் தரையில் விழும். ஈரமான ஓர் இடுக்கைத் தேடும். இரண்டாயிரம், மூவாயிரம் முட்டைகளைக் குவியலாக இட்டுவிட்டுச் சாகும். அதோடு அதன் கதை முடிந்தது. அப்படியானால் நோய் எப்படி அடுத்த மாட்டுக்குப் போகிறது?

ஸ்மித் அந்த முட்டைகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பொரிக்க விட்டார். வாழ்நாளில் ஒரு மாட்டையும் கடித்திராத குஞ்சு உண்ணிகளை எடுத்து ஆரோக்கியமான ஒரு பசுவின் மேல் விட்டார். பசுவுக்குக் காய்ச்சல் வந்தது. தாய் குடித்த இரத்தத்தின் கடன் பிள்ளைகள் தலையில் வந்திறங்கியிருந்தது. முட்டை வழியாக. ஒரு மாத இடைவெளிக்கும் கணக்குச் சரியாகிவிட்டது: தாய் விழுந்து முட்டையிட்டு, குஞ்சு பொரிந்து, புல் நுனியில் ஏறி, முன்னங்கால்களை நீட்டியபடி வழியில் வரும் மாட்டுக்காகக் காத்திருக்கும் காலம் அது. பனிக்காலத்தில் குஞ்சு சாகும், நோயும் நிற்கும்.

இருவரும் 1893-இல் அறிக்கையை அச்சிட்டார்கள். நோய்ப்பட்ட மாட்டின் சிவப்பணுக்களுக்குள் இரண்டிரண்டாகப் பேரிக்காய் வடிவத்தில் தெரிந்த நுண்ணுயிரையும் அதில் காட்டினார்கள். ருமேனியாவில் விக்டர் பாபெஸ் 1888-இலேயே மாட்டிரத்தத்தில் கண்டிருந்த வகைதான் அது. அதனால் இன்று அதற்குப் பேபேசியா என்று பெயர். பூச்சி இனம் ஒன்று கடித்து நோயைப் பரப்புகிறது என்பதற்கு உலகில் கிடைத்த முதல் முழு நிரூபணம் இது. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றைத் திறந்து பார்க்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. உண்ணிக்கு எட்டுக்கால், அது பூச்சியே அல்ல, சிலந்திக்குச் சொந்தம் என்று வகுப்பறைகளில் திருத்துவார்கள். திருத்தட்டும். மாட்டுக்காரனுக்கு அது பூச்சிதான்.

டெக்சாஸ் மாடு ஏன் சாகவில்லை என்பதற்கும் பதில் இங்கேதான். அது கன்றாக இருக்கும்போதே கடிபட்டது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும் காலத்தில், இலேசாகக் காய்ந்து எழுந்துவிட்டது. அதன்பிறகு அந்த நுண்ணுயிர் அதன் இரத்தத்தில் குடித்தனக்காரன் மாதிரி கொஞ்சமாக இருந்துகொண்டே இருக்கிறது. வாடகை தருவதில்லை, வீட்டை இடிப்பதும் இல்லை. அந்த இரத்தத்தைக் குடித்த உண்ணியின் பிள்ளை, பழகாத இரத்தத்தில் போய் வாய் வைக்கும்போதுதான் வீடு இடிகிறது. ஆலம்பாடி மாட்டுக்கும் பர்கூர் மாட்டுக்கும் இதே கணக்குத்தான். அவற்றின் தோலும் உண்ணிக்கு எளிதில் இடம் கொடுக்காது. திமில் உள்ள நம் நாட்டு இனங்களில் சீமை மாட்டில் ஏறும் அளவுக்கு உண்ணி ஏறுவதில்லை.

இனிச் சென்னைக்கு வருவோம். இந்தக் கதையில் சென்னைக்கு இருக்கும் பங்கு நம்மில் பலருக்குத் தெரியாது. கிண்டியில் இன்றும் இருக்கிற கிங் இன்ஸ்டிட்யூட், தடுப்பூசிக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் பேர் வாங்கியது. கொரோனா காலத்தில் நாள்தோறும் செய்தியில் அடிபட்டது. 1900-களின் முதல் பத்தாண்டில் அங்கே இருந்தவர் சாமுவேல் ரிக்கார்ட் கிறிஸ்டஃபர்ஸ். பின்னாளில் மலேரியா ஆராய்ச்சியில் உலகப் பேர் எடுத்தவர். 1873-இல் பிறந்து 1978 வரை, நூற்று நான்கு வயது வாழ்ந்தவர். கொசுவோடு மல்லுக்கட்டியவருக்கு இந்த ஆயுள் கொஞ்சம் அதிகம்தான்!

கிறிஸ்டஃபர்ஸ் சென்னையில் எடுத்துக்கொண்டது நாயை. நாய்க்கும் ஒரு பேபேசியா உண்டு. அதைக் கடத்துவது வீட்டுச் சுவர் இடுக்கிலும் கோணிச் சாக்கின் மடிப்பிலும் குடியிருக்கும் பழுப்பு நாய் உண்ணி. ஸ்மித்துக்குத் தெரிந்தது உண்ணி கடத்துகிறது என்பது. உண்ணிக்குள் அந்த நுண்ணுயிர் என்ன செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கிறிஸ்டஃபர்ஸ் உண்ணியை அறுத்து, குடலில் தொடங்கி முட்டை வரை, முட்டையிலிருந்து குஞ்சின் எச்சில் சுரப்பி வரை அதன் பயணத்தைப் பின்தொடர்ந்தார். 1907-இல் இந்திய அரசின் அறிவியல் குறிப்பேட்டு வரிசையில் அது வெளியானது. கடுகளவுப் பிராணியின் குடலை அறுத்து, அதற்குள் நகரும் புள்ளியைத் தொடர்வது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் மின்விசிறி இல்லாத கிண்டியில், சித்திரை மாதத்தில்.

அதே ஆண்டில் அதே உண்ணிக்குள் அவர் விவரித்த இன்னொரு நுண்ணுயிரின் வழி இன்னும் வேடிக்கையானது. ஹெபடோசூன் என்று இப்போது பெயர். அது உண்ணி கடித்துப் பரவுவதில்லை. தன் உடம்பில் ஊரும் உண்ணியை நாய் பல்லால் கடித்து விழுங்குகிறதே, அப்போது உள்ளே போகிறது. உண்ணியை உண்டால் வரும் நோய்.

கிறிஸ்டஃபர்ஸைத் தொடர்ந்து கிண்டியில் வேலை பார்த்த வால்டர் ஸ்காட் பேட்டன் கதைக்கு வருகிறேன். எனக்கு இந்த அத்தியாயத்திலேயே பிடித்த இடம் இது. அந்தக் காலத்தில் சென்னையில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ‘மெட்ராஸ் ஹன்ட்’ என்று ஒரு வேட்டைக் கழகம் இருந்தது. இங்கிலாந்தில் குதிரை மேல் ஏறி, நாய்க் கூட்டத்தை விட்டுச் செந்நரியைத் துரத்துவார்கள். இங்கே அந்த நரி இல்லாததால் நம் குள்ளநரி. சீமை நாய்களை இந்த வெயிலில் காப்பாற்றுவதே பெரும்பாடு. அந்த நாய்களுக்குக் காய்ச்சல் வந்தது, இரத்தம் சுண்டியது. பேட்டன் அவற்றின் இரத்தத்தைப் பார்த்தார். கிறிஸ்டஃபர்ஸ் கண்ட பெரிய பேரிக்காய் இல்லை. அதைவிடச் சின்னதாக, மோதிரம் போல இன்னொன்று. புது இனம். பிறகு சென்னைப் பக்கத்துக் குள்ளநரியின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் இருந்தது அதே மோதிரம்! நரிக்கு ஒரு நோயும் இல்லை. 1910-இல் அதற்கு கிப்சோனி என்று பெயர் வைத்து வெளியிட்டார்.

நாய் நரியைத் துரத்தியது. நரியின் இரத்தத்தில் இருந்தது நாயைப் பிடித்தது. வாஷிங்டன் வயலில் நடந்ததும் சென்னைப் புதர்க்காட்டில் நடந்ததும் ஒன்றுதான்: ஊர்க்காரன் உடம்பில் சத்தமில்லாமல் இருந்தது, பழகாதவன் உடம்பில் ஏறியதும் சத்தம் போட்டது. எந்த உண்ணி நடுவிலிருந்து கடத்தியது என்பதைக் காட்ட 1937 ஆயிற்று, காட்டியவர்கள் சி. எஸ். சுவாமிநாத், எச். இ. ஷார்ட். இதே இருவர்தான் ஆண்டர்சனோடு சேர்ந்து 1942-இல் கருங்காய்ச்சல் என்னும் காலா அசார் நோயை மணல் ஈ மனிதனுக்குக் கடத்துவதை நிரூபித்தவர்கள். அந்தக் காய்ச்சலின் நுண்ணுயிரைச் சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் கண்டது 1903-இல். கடத்துபவன் மூட்டைப்பூச்சிதான் என்று பேட்டன் வெகுகாலம் நம்பினார். தவறிப்போன நம்பிக்கை, ஆனால் அந்தத் தேடலில் அவரும் கிராக்கும் சேர்ந்து எழுதி 1913-இல் சென்னையில் அச்சான மருத்துவப் பூச்சியியல் நூல் இந்தத் துறைக்கே பாடப்புத்தகம் ஆயிற்று.

மெட்ராஸ் ஹன்ட் இன்று இல்லை. கிப்சோனி இருக்கிறது. சென்னையில் ஆசையாக வளர்க்கும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் முதலில் சந்தேகப்படுவது இதையும் இதன் கூட்டாளிகளையும்தான். 1903-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் நுண்ணோக்கிக்கு அடியில் அந்த மோதிரம் வராத வாரம் குறைவாகத்தான் இருக்கும்.

மனிதனுக்கு வருவோம். ஹனூருக்குத் தென்மேற்கே, இதே காட்டுத் தொடர்ச்சியில், நீலகிரியின் அடிவாரத்தில் சீகூர் மலைப்பாதை. 1897 கோடையில் விடுப்பில் ஊட்டிக்கு வந்த ரொனால்ட் ராஸ், மலேரியாவுக்குப் பேர்போன இடம் என்று தேடிக்கொண்டு சீகூருக்கு இறங்கினார். கொசுவைத் தேடிப் போனவரைக் கொசு முந்திக்கொண்டது; சில நாட்களில் அவருக்கே காய்ச்சல். செகந்திராபாத்தில் அவர் கொசு வயிற்றில் மலேரியா உயிரைக் கண்டது அதே ஆண்டு ஆகஸ்ட் 20. சீகூர்க் காய்ச்சல், வெளியூர்க்காரராகப் போய்ப் படுத்ததால் அவருக்குக் கிடைத்த பாடம்.

அந்தக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் எப்படி இருந்தார்கள்? செத்தார்கள், முக்கியமாகக் குழந்தைகள். இதை மறைக்க வேண்டியதில்லை. பழகிய இரத்தம் என்று நான் எழுதும்போது அதன் விலையும் சேர்ந்ததுதான். 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, அதுவரை ஆப்பிரிக்க வம்சத்தாருக்கே உரியது என்று நினைத்திருந்த அரிவாள் அணு என்னும் பரம்பரை இரத்தக் கூறு அங்கே இருந்தது. பிலிகிரிரங்கன் மலை சோளகரிடமும் அது பின்னர் தெரியவந்தது. சோளகர் ஹனூர்க் காட்டிலும் இருக்கிறார்கள். அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் கூறு வந்தால், கொடிய மலேரியாவில் குழந்தை பிழைக்க வாய்ப்பு அதிகம். இருவரிடமிருந்தும் வந்தால் அதுவே வாழ்நாள் நோய். மாட்டுக்குக் கன்றுப் பருவத்தில் ஒரு காய்ச்சலோடு முடிந்த கணக்கை, மனிதன் பல நூறு தலைமுறைகளாகத் தவணை கட்டித் தீர்க்கிறான். டி.டி.டி. வந்து கொசு குறைந்த பிறகும் தவணை நிற்கவில்லை. வலி தாங்காமல் மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளின் உடம்பில் அந்தப் பழைய கொசு இன்னும் கடித்துக்கொண்டிருக்கிறது.

புதிதாக வருவது மாடாகவோ மனிதனாகவோதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தண்ணீராகவும் இருக்கலாம். ஹனூர் மலைகளின் மறுசரிவில் 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அந்தத் தண்ணீர் புதுக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டை வறள்நிலத்துக்குப் போனது. நெல் வந்தது, கூடவே மலேரியாவும். ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் பால் ரஸ்ஸலும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 1930-களின் கடைசியில் அங்கே முகாமிட்டு அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசுவைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். காசாங்காட்டில் வீடு வீடாகப் பைரித்ரம் தெளித்துப் பார்த்தார்கள். அது தனி அத்தியாயத்துக்கு உரியது, பிறகு எழுதுகிறேன். அதேபோல 1957-இல் சிவமொக்காவின் கியாசனூர்க் காட்டில் வெடித்து, 2012 கடைசியில் பந்திப்பூர் வரை வந்துவிட்ட ‘மங்கன காயிலெ’, குரங்குக் காய்ச்சல். அது வைரஸ் என்பதால் இன்றைய கணக்கில் சேராது. ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்: அந்தக் காய்ச்சலிலும் மாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனால் வளர்ந்த உண்ணிக்குச் சோறு போடுவது காட்டில் மேயும் மாடுதான்.

இனி மறுபடி ஹனூர்.

காட்டு மேய்ச்சல் அங்கே இப்போது சுருங்கிவருகிறது. 2013-இல் மாதேஸ்வரன் மலை வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 2025 ஜூனில் ஹூக்யம் வனச்சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும், நஞ்சு வைத்த மாட்டுச் சடலத்தைத் தின்று செத்துக் கிடந்த பிறகு, காட்டுக்குள் மாடு விடக்கூடாது என்ற குரல் பலமாகிவிட்டது. பட்டி கலைந்தால் வீட்டுக்கு வருவது கலப்பின மாடு. இது ஹனூர்க் கதை மட்டும் இல்லை. அந்தியூரிலும் தர்மபுரியிலும் இதேதான். பால் சொசைட்டிக்கு ஊற்ற நாட்டு மாட்டால் முடியாது. ஜெர்சியோ எச்.எஃப்-ஓ கலந்த மாடு வேண்டும். சீமை இரத்தம் வந்து, ஊர் உண்ணியின் முன் நிற்கிறது.

இங்கே பேபேசியாவைவிடப் பெரிய எதிரி தைலேரியா என்ற இன்னொரு நுண்ணுயிர். இதைக் கடத்துவது வேறு உண்ணி, அதற்கு வேறு பழக்கம். ஹையலோமா என்ற அந்த உண்ணிக்குக் காலில் வளையல் போட்டாற்போல வெள்ளைப் பட்டைகள் இருக்கும். அது புல்லில் காத்திருப்பதில்லை. தொழுவத்துச் சுவர் வெடிப்பில் வசிக்கிறது. குஞ்சுப் பருவத்தில் ஒரு மாட்டில் குடித்துவிட்டு இறங்கிச் சுவருக்குள் போகும். தோலுரித்து வளர்ந்து, வெளியே வந்து, பக்கத்து மாட்டைக் கடிக்கும். நோய் முட்டை வழியே போவதில்லை, வளர்ச்சி வழியே போகிறது. காட்டை விட்டு மாட்டைத் தொழுவத்தில் கட்டினால் உண்ணித் தொல்லை தீரும் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சுவர் வெடிப்பு ஞாபகம் இருக்க வேண்டும்.

தைலேரியா உடம்புக்குள் செய்வது அதைவிட மோசம். நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே புகுந்து, அந்த அணுவைப் புற்றுநோய் அணு போலப் பெருகவைக்கிறது. ஒவ்வொரு முறை அணு இரண்டாகும்போதும் தானும் இரண்டாகி இரண்டிலும் இருந்துகொள்கிறது. தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டும். காய்ச்சல் நூற்றாறு டிகிரியைத் தொடும். கண் பிதுங்கும். மூச்சு வாங்கும். கறந்துகொண்டிருந்த மாடு இரண்டு வாரத்துக்குள் போய்விடும். புபார்வகுவோன் ஊசி முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் விழுந்தால் பிழைக்கவைக்கலாம். ஊசியின் விலை பால் பணத்தில் கையைக் கடிக்கும் என்பதால் விவசாயி ஒருநாள் பார்ப்பார், இன்னொரு நாள் பார்ப்பார்.

தடுப்பூசி உண்டு. பெருகும் அந்த வெள்ளணுக்களையே ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து, உள்ளே இருக்கும் தைலேரியாவின் வீரியத்தைக் குறைத்து, ஹைதராபாத்தில் தயாரிக்கிறார்கள். ரக்ஷாவாக்-டி என்று பெயர். கன்றுப் பருவத்துக் கடியில் நாட்டு மாட்டுக்குக் கிடைக்கும் பழக்கத்தைக் கலப்பின மாட்டுக்கு ஊசியில் கொடுக்கும் ஏற்பாடு. அணுக்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் திரவ நைட்ரஜனில் உறையவைத்துத்தான் கொண்டுவர வேண்டும். கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் திரவ நைட்ரஜன் குடுவை புதிதல்ல. ஜெர்சிக் காளையின் விந்து வருவதே அந்தக் குடுவையில்தான்.

தொழுவத்தில் இப்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன: விற்க மனம் வராத பழைய நாட்டு மாடு ஒன்று, கடன் வாங்கிப் பிடித்துவந்த கலப்பின மாடு ஒன்று. நாட்டு மாடு காதை ஆட்டுகிறது. வயிறு நிறைந்த ஓர் உண்ணிக்குஞ்சு கீழே விழுந்து, மெதுவாக, சுவரைப் பார்த்து நடக்கிறது.

(அடுத்த அத்தியாயம்: கியாசனூர்)